மூண்டு சில்லு ஸ்ரோலர்: எங்கட ஒழுங்கைகளுக்குச் சரிவருமோ?

கோண்டாவிலாள்

வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு இப்ப நாலு மாதம். லண்டனில இருக்கிற மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறா. வரேக்க ஸ்ரோலர் (பிள்ளையை வைச்சுத் தள்ளுற வண்டில்) ஒண்டு கொண்டு வாறன், எது வேணுமெண்டு பார்த்துச் சொல்லு எண்டு நிக்கிறா. படம் படமா அனுப்பிக்கொண்டிருக்கிறா. பார்க்கப் பார்க்கத் தலை சுத்துது.

இவருக்கு மூண்டு சில்லு வண்டிலிலதான் விருப்பம். காரணம் கேட்டால் "வடிவா இருக்கு" எண்டுறார். எனக்குக் கேள்வி வேற. எங்கட படலையில இருந்து றோட்டுக்கு வர ஒழுங்கை பாதி கொங்கிறீற்று, மிச்சம் கிறவலும் செம்மண்ணும். மழைக்குப் பிறகு அந்தப் பாதி என்ன கோலத்தில இருக்குமெண்டு உங்களுக்குத் தெரியும். றோட்டுக்கு ஏறினால் ரெயில் கடவை. அதைத் தாண்டினால்தான் கிளினிக், சந்தை எல்லாம். அம்மா வீடு இருபாலையில, அங்க போறதெண்டால் ஓட்டோ. எங்களிட்டக் கார் இல்லை, மோட்டச்சைக்கிள் மட்டும்.

மூண்டு சில்லோ நாலு சில்லோ? காத்தடிக்கிற ரயரோ, ஃபோம் போட்டதோ? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மணற்காட்டான்

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். மூண்டு சில்லு, பெரிய சில்லு, காத்து ரயர்.

நான் இருக்கிற பக்கம் றோட்டை விட்டு இறங்கினால் மணல்தான். அண்ணையின்ர பிள்ளையளுக்கு கொழும்பில வாங்கின நாலு சில்லு வண்டில் ஒண்டு இருந்தது. முன்னுக்கு ரெண்டு ரெண்டாச் சின்னப் பிளாஸ்ரிக் சில்லு. மணலில வைச்ச உடனை முன்பக்கம் புதைஞ்சு, தள்ளத் தள்ள இன்னும் கீழ போகும். கடைசியில ஆள் முன்னால போய் இழுத்துக்கொண்டு வரவேணும். பேந்து எனக்குப் பிள்ளை பிறந்தாப்போல மச்சான் கனடாவில இருந்து மூண்டு சில்லு ஒண்டு கொண்டு வந்தார். பின்னுக்கு 16 அங்குலம், முன்னுக்கு 12. அது மணலில போகும். லேசாப் போகுமெண்டு பொய் சொல்லமாட்டன், ஆனால் போகும்.

மணலிலயும் கிறவலிலயும் முன் சில்லை நேரா லொக் பண்ணிப்போட்டுத் தள்ளவேணும். சுழல விட்டால் ஒவ்வொரு கல்லுக்கும் அது தன்ர பாட்டுக்குத் திரும்பும். மணல் இன்னும் ஆழமெண்டால் வண்டிலைத் திருப்பிப் பின்பக்கமா இழுங்கோ. பெரிய சில்லு முதலில வழி வெட்டும், பாரம் இல்லாத முன் சில்லு பின்னால வரும்.

பூவரசடி

எல்லாரும் என்னத்துக்கு இந்தச் செலவு செய்யிறியள்? நாங்கள் அஞ்சு பிள்ளையளை வளர்த்தது இடுப்பில. வீட்டில ஏணை, வெளியில இடுப்பு. நாலு மாதப் பிள்ளையை வெயிலுக்குள்ள வண்டிலில வைச்சு றோட்டால தள்ளிக்கொண்டு போக, போற வாற சனமெல்லாம் குனிஞ்சு எட்டிப் பார்த்து "என்ன கொழுகொழு" எண்டு சொல்ல, பேந்து இரவிரவாப் பிள்ளை வீரிட்டு அழும். கண்ணூறு கழிக்க மிளகாய்க்கும் செலவு.

மருதடி

பூவரசடி அம்மா, கோவிக்காதேங்கோ. அந்த அஞ்சு பிள்ளையளையும் தூக்கிறதுக்கு உங்களோட மாமி, பெறாமகள், பக்கத்து வீட்டுப் பெட்டையள் எண்டு எத்தினை இடுப்பு இருந்திருக்கும்? எங்கட வீட்டில நானும் பிள்ளையும்தான். அவர் விடிய வெளிக்கிட்டால் பின்னேரம்தான். எனக்குச் சிசேரியன். பிள்ளையை விடப் பாரமா ஒண்டும் தூக்கக்கூடாதெண்டு ஆசுப்பத்திரியில சொல்லித்தான் விட்டவை. பிள்ளை எட்டுக் கிலோ வந்தாப் பிறகு இடுப்பில வைச்சுக்கொண்டு மற்றக் கையில மரக்கறிப் பையோட வெயிலுக்குள்ள நடந்து பாருங்கோ.

ஸ்ரோலர் வந்தாப் பிறகு எனக்குக் கிடைச்சது ஒண்டே ஒண்டு. கடைக்குப் போகவேணுமெண்டு நினைச்சால் ஆரையும் கேக்காமல் வெளிக்கிடுவன். அதுக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும். கண்ணூறுக்கு ஒரு பொட்டு.

கோண்டாவிலாள், என்ர நாலு சில்லு. தார் றோட்டில ஒரு குறையும் இல்லை. ஒழுங்கைக்குள்ளதான் எப்பவும் ஒரு சில்லு அந்தரத்தில தொங்கும், வண்டில் தடதடவெண்டு ஆடும்.

சில்லுக்கடை

அந்த ஆட்டத்துக்குக் காரணம் இருக்கு, தங்கச்சி. முக்காலியை எந்த மேடுபள்ளத்தில வைச்சாலும் ஆடாது, மூண்டு காலும் நிலத்தில நிக்கும். நாலு காலெண்டால் நிலம் மட்டமா இருக்கவேணும், இல்லாட்டி ஒண்டு தூக்கும். சில்லிலயும் அதேதான். மூண்டு சில்லின்ர முதல் நன்மை அது. ரெண்டாவது, ஒரே ஒரு முன் சில்லு எண்டபடியால் அதைப் பெரிசாப் போடலாம். பெரிய சில்லு கல்லில ஏறிப் போகும், சின்னச் சில்லு கல்லில முட்டி நிக்கும்.

ஆனால் முக்காலியில இன்னொரு குணமும் இருக்கு. மூலைப் பக்கமாச் சாய்ஞ்சு இருந்தால் கவிழும். முன் சில்லையும் ஒரு பின் சில்லையும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கோ. பிள்ளையின்ர பாரம் அந்தக் கோட்டுக்கு வெளியில போனால் வண்டில் முன்மூலைக்குச் சரியும். றோட்டுக் கரையில ஒரு பின் சில்லு மேல, ஒண்டு கீழ நிக்கேக்க, பிள்ளையும் எட்டி நாயைப் பார்த்தால், அந்த நேரம் வெட்டித் திருப்பினால்... விளங்குதெல்லோ. அதால பின் சில்லு ரெண்டுக்கும் இடையில அகலம் கூட, முன் சில்லு நல்லா முன்னுக்குத் தள்ளி இருக்கிறதாப் பாருங்கோ. முன் சில்லு பிள்ளையின்ர காலுக்கு நேர கீழ ஒளிச்சிருக்கிற மொடல்கள் கண்ணுக்கு வடிவு, சரிவில நம்பேலாது. நாலு சில்லு இந்த விசயத்தில கொஞ்சம் நல்லது.

கோண்டாவில் ரெயில் கடவை எனக்குத் தெரியும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில நீட்டுக்கு ஒரு இடைவெளி இருக்கும், ரெயில் சில்லு போறதுக்கு. சுழலுற முன் சில்லு அதுக்குள்ள திரும்பி இறங்கினால் இறுகிப்போம். கடவைக்கு முன்னமே முன் சில்லை லொக் பண்ணி, தண்டவாளத்துக்குக் குறுக்கா நேர் எதிரா வாங்கோ. சரிவா வெட்டாதேங்கோ. சைக்கிள்காரர் கன பேர் விழுறதும் அதிலதான். வாய்க்கால் மூடியளில உள்ள நீட்டு ஓட்டையளுக்கும் இதேதான்.

ரயரைப் பற்றி இரவைக்கு எழுதுறன், கடையில ஆக்கள் நிக்கினம்.

ரொறன்ரோ மாமி

பிள்ளையள், நான் இங்க மூண்டு பேரப்பிள்ளையளைத் தள்ளினனான். ஒரு விசயம் சொல்லுறன். "ஜோகிங் ஸ்ரோலர்" எண்டு விக்கிறதும், சும்மா மூண்டு சில்லு இருக்கிறதும் ஒண்டில்லை. ஓடுறதுக்குச் செய்த வண்டிலுக்கு நீட்டு உடம்பு, பெரிய காத்து ரயர், பின்னுக்கு ஸ்பிரிங், கையில கட்டுற வார், சிலதுக்குக் கைப் பிறேக்கும் இருக்கும். பாரம் 10, 12 கிலோ. மற்றது நகரத்துக்குள்ள தள்ளிறதுக்குச் செய்த மூண்டு சில்லு. சில்லு சின்னன், ஃபோம் ரயர், ஒரு கையால மடிக்கலாம். பேபி ஜோகர் சிற்றி மினி ஜி.ரி எண்டுறது அந்த ரகம். தூலே, மவுண்டன் பகி கொம்பனியளின்ர ஓடுற வண்டிலுகள் முதல் ரகம்.

கோண்டாவில் பிள்ளைக்கு ஓட்டோவில ஏத்தி இறக்கவேணும் எண்டால் ரெண்டாவது ரகம்தான். காத்து ரயர் ஒரு கரைச்சல். இங்கயே எனக்கு எத்தினை தரம் காத்துப் போனது. அங்க நெருஞ்சி முள்ளு!

மணற்காட்டான்

மாமி, ஃபோம் ரயர் மணலில எட்டிப்பார்க்காது. அது அமுங்காது, கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு கீழதான் போகும். காத்து ரயரில காத்தைக் கொஞ்சம் குறைச்சால் அகண்டு நிலத்தில பரவும். கிறவலில பிள்ளைக்குக் குலுக்கலும் குறையும். நெருஞ்சி குத்தினால் ஒட்டுப் போடுறது. யாழ்ப்பாணத்தில சந்திக்குச் சந்தி ஒட்டுப் போடுற கடை. ரொறன்ரோவில அது இல்லை, அதுதான் உங்களுக்குக் கரைச்சல்.

ரொறன்ரோ மாமி

தம்பி, சந்தி மட்டும் பிள்ளையையும் தூக்கி வண்டிலையும் தள்ளிக்கொண்டு போறது ஆர்? நீங்களோ, உங்கட மனிசியோ?

மணற்காட்டான்

மனிசி இதை வாசிக்கிறா. சிரிக்கிறா. மேற்கொண்டு எழுதேல்லை.

சில்லுக்கடை

சரி, ரயர்.

இந்த ஓடுற வண்டிலுகளின்ர கதையே சைக்கிள் சில்லிலதான் துவங்கினது. 1984 இல அமெரிக்காவில பில் பெக்லர் எண்டவர் தன்ர மகனைக் கூட்டிக்கொண்டு ஓடுறதுக்கு ஸ்ரோலரில சைக்கிள் சில்லுப் பூட்டினார். மாமி சொன்ன பேபி ஜோகர் கொம்பனி அதிலயிருந்துதான் வந்தது. அதால சைக்கிள் கடைக்காரனுக்கு இதில கதைக்க உரிமை இருக்கு.

மச்சாளிட்டக் கேக்கவேண்டிய முதல் கேள்வி, ரயரின்ர பக்கத்தில என்ன இலக்கம் எழுதியிருக்கு எண்டது. 12½ × 2¼ எண்டு இருந்தால் சந்தோசம். சின்னப் பிள்ளையளின்ர 12 அங்குலச் சைக்கிளுக்கும் அதுதான் அளவு, ரியூப் இங்க எடுக்கலாம். 16 அங்குலமும் அப்பிடித்தான், ஆனால் அகலத்தையும் பாருங்கோ. 280 × 65-203 மாதிரி மில்லிமீற்றர் கணக்கில வாற ஐரோப்பிய அளவுகளும் இருக்கு. அதுக்கு யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் ரியூப் எடுக்கிறது கஸ்ரம். அப்பிடி எண்டால் மச்சாள் வரேக்கயே ரெண்டு ரியூப் மேலதிகமாக் கொண்டு வரட்டும்.

ரெண்டாவது, வால்வு. ஸ்ரோலர் ரியூப்பில வாறது பெரும்பாலும் மோட்டச்சைக்கிள், கார் வால்வு. வீட்டில இருக்கிற எங்கட சாதாரண சைக்கிள் பம் அதில இறுகாது, அதுக்கு வேற தலை வேணும். அதோட சின்னச் சில்லில கம்பிக்கும் ரிம்முக்கும் இடையில இடம் இல்லாதபடியால் வால்வு வளைஞ்சு இருக்கும். நேர் வால்வுள்ள சைக்கிள் ரியூப்பைப் போட்டால் ரயர் சரி, பம் பூட்டக் கை போகாது. இதைப் பார்க்காமல் ரியூப் வாங்கிக்கொண்டு வாற ஆக்களைக் கன பேரைக் கண்டிட்டன்.

மூண்டாவது, தயவு செய்து கொம்பிறசரால காத்து அடிக்க விடாதேங்கோ. லொறிக்கு அடிக்கிற பைப்பைச் சின்ன ரியூப்பில வைச்சால் கண் மூடித் திறக்க முதல் வெடிக்கும். இந்த ரயருகளுக்கு 30 பி.எஸ்.ஐ அளவுதான் வேணும், சரியான அளவு ரயரின்ர பக்கத்திலயே எழுதியிருக்கும். கையால அடிக்கிற பம் காணும்.

மணற்காட்டான் தம்பி சொன்னது மணலுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தங்கச்சியின்ர இடம் செம்மண். அது வேற சாமான். காய்ஞ்சால் தார் றோட்டு, நனைஞ்சால் களி. முன் கவைக்கும் (முன் சில்லைப் பிடிச்சிருக்கிற கம்பி) ரயருக்கும் இடையில விரல் போற இடைவெளி இருந்தால்தான் களி அடைச்சு நிக்காது. காத்தோ ஃபோமோ எண்டதை விட எனக்கு இந்த இடைவெளிதான் பெரிசு.

தாதியக்கா

வணக்கம். சில்லைப் பற்றித் தம்பிமார் நல்லாச் சொல்லினம். நான் பிள்ளையைப் பற்றிச் சொல்லுறன்.

நாலு மாதத்தில கழுத்து நிக்கத் துவங்கியிருக்கும், ஆனால் முதுகு நிக்காது. தானாக இருக்கும் வரைக்கும், ஏறக்குறைய ஆறு மாதம் மட்டும், சீற் நல்லாச் சாயவேணும். ஐரோப்பிய ஸ்ரோலர்களுக்கு ஈ.என் 1888 எண்டு ஒரு தரநிர்ணயம் இருக்கு. அதில பிறந்த பிள்ளைக்குப் பாவிக்கலாமெண்டால் சீற்றும் முதுகுப் பக்கமும் 150 பாகைக்கு மேல விரியவேணும். லண்டன் கடையில "பிறந்ததிலிருந்து" எண்டு எழுதியிருக்கோ, "ஆறு மாதத்திலிருந்து" எண்டு எழுதியிருக்கோ எண்டு மச்சாளைப் பார்க்கச் சொல்லுங்கோ. ஒரே மொடலுக்கு ரெண்டு விதமான சீற்றும் விக்கினம்.

வார் ஐந்து முனையா இருக்கவேணும்: தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, காலிடுக்குக்கு ஒண்டு. அம்மம்மாமார் "பிள்ளைக்கு இறுகும்" எண்டு தோள் வாரைக் கழட்டிப்போடுவினம். பிள்ளை வழுகிக் கீழ வந்து மற்ற வாரில கழுத்து மாட்டுற ஆபத்து அதாலதான் வருது. தூங்கினாலும் வார் பூட்டியே இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில இருங்கோ.

ஓடுறதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். பண்ணைக் கடற்கரைப் பக்கம் விடிய ஓடுற தகப்பன்மார் ஸ்ரோலரோட ஓட ஆசைப்பட்டால் பிள்ளைக்கு ஆறு மாதமாவது முடியட்டும். எட்டு மாதம் எண்டு சொல்லுற கொம்பனியளும் இருக்கு. ஓடேக்க முன் சில்லு லொக், கையில வார்.

இனி எனக்கு நெடுகக் கோவம் வாற விசயம். வெயிலுக்குத் துவாயையோ சீலையையோ ஸ்ரோலர் முழுக்க மூடிக் கட்டுறது. உள்ள நிழல்தான், ஆனால் காத்து நிண்டுபோம், வெக்கை ஏறும். சிட்னிப் பல்கலைக்கழகத்தில செய்து 2023 இல வெளிவந்த ஆய்வு ஒண்டில, காய்ஞ்ச மெல்லிய துணியால மூடினாலே வெளியை விட உள்ள சூடு கூடினது. துணியை நனைச்சு, சின்ன விசிறியும் பூட்டினால் குறைஞ்சது. எங்கட காத்தில ஈரம் கூட, அந்தளவு குறையுமெண்டு நம்பியிருக்க வேண்டாம். கூடாரம் நல்லாக் கீழ வரைக்கும் வாறதா, பின்பக்கம் வலை யன்னல் உள்ளதா எடுங்கோ. பத்து மணிக்குப் பிறகு நாலு மணி மட்டும் அலுவல் இல்லாமல் வெளிக்கிடாதேங்கோ. பிள்ளையின்ர பிடரியைத் தொட்டுப் பாருங்கோ, கையைக் காலைப் பார்த்துச் சொல்லேலாது.

பூவரசடி

தாதியம்மா சொல்லுறது சரி. நானும் அந்த வெயிலைத்தான் சொன்னனான். ஆனால் மருதடி பிள்ளை, உன்ர எழுத்தை மகளுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவளும் உன்ர பக்கம்தான் நிக்கிறாள். நடக்கட்டும்.

ஓட்டோத்தம்பி

அக்கா, ஓட்டோக் கணக்கு நான் சொல்லுறன். பின் சீற்றுக்குப் பின்னால உள்ள இடத்தில குடை மாதிரி ஒடுங்கி மடியிற சின்ன ஸ்ரோலர் போகும். மூண்டு சில்லுப் பெரியது மடிச்சாலும் பின் சில்லு ரெண்டும் விரிஞ்சபடி நிக்கும், அது அங்க போகாது. காலடியில வைக்கவேணும், வைச்சால் ஆக்கள் காலை மடக்கிக்கொண்டு இருக்கவேணும். பின் சில்லு பொத்தானை அமத்தக் கழருற மாதிரி உள்ளது எண்டால் பிரச்சினை இல்லை. ஆனால் சில்லைக் கழட்டின ஆக்கள் அதை ஓட்டோவிலயே விட்டிட்டுப் போறதும் நடக்கும். ஒருக்கா முன் சில்லு ஒண்டு என்ர சீற்றுக்குக் கீழ ஒரு கிழமை கிடந்தது. கடைசியில ஆசுப்பத்திரி வாசலில அந்த அக்காவையே திரும்ப ஏத்தினபடியால் தப்பினது.

மினிபஸ்ஸெண்டால் யோசிக்கவே வேண்டாம். பருத்தித்துறை 750 இல பின்னேரத்தில ஆள் ஏறவே இடமில்லை.

மருதடி

ஓட்டோத்தம்பி சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். மடிக்கிறதுக்கு எத்தினை கை வேணுமெண்டு பாருங்கோ. பிள்ளை ஒரு கையில, ஓட்டோக்காரர் ஹோர்ண் அடிக்கிறார், மற்றக் கையால மடிக்க ஏலாட்டி அந்த ஸ்ரோலர் வீட்டு விறாந்தையில உடுப்புக் காயப்போடத்தான் உதவும்.

பை கொழுவுறதும் கவனம். ஹாண்டிலில மரக்கறிப் பையைக் கொழுவிப்போட்டுப் பிள்ளையைத் தூக்கினால் வண்டில் அப்பிடியே மல்லாக்கப் போகும். கீழ உள்ள கூடைக்குள்ள வையுங்கோ. எனக்கு முருங்கைக்காய்க்கட்டு மட்டும்தான் அதுக்குள்ள அடங்காது.

ரொறன்ரோ மாமி

மச்சாள் புதுசு வாங்குறாவோ, ஆரும் பாவிச்சதைக் கொண்டு வாறாவோ? பாவிச்சதெண்டால் ரெண்டு இடம் வடிவாப் பாருங்கோ.

ஒண்டு மடிக்கிற மூட்டு. 2009 இல மக்லாரன் கொம்பனி அமெரிக்காவில ஒரு மில்லியன் அளவில ஸ்ரோலரைத் திருப்பி எடுத்து மூட்டுக்கு உறை குடுத்தது. விரிக்கேக்க பிள்ளையின்ர விரல் நுனி மூட்டுக்குள்ள அகப்பட்டு வெட்டுப்பட்டதுதான் காரணம். அது மூண்டு சில்லு இல்லை, எண்டாலும் எந்த ஸ்ரோலரை விரிக்கேக்கயும் மடிக்கேக்கயும் பிள்ளையைத் தள்ளி நிப்பாட்டுங்கோ.

மற்றது மூண்டு சில்லுக்கே உரியது. கெதியாக் கழட்டுற முன் சில்லு. சைக்கிளில இருக்கிற மாதிரி நெம்புகோலை மடிச்சு இறுக்கிறது. 2018 இல அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொப் எண்ட பெயரில வித்த ஜோகிங் ஸ்ரோலர் விசயமா வழக்குப் போட்டது, ஓடேக்க முன் சில்லு கழண்டு பிள்ளையளும் பெரியாக்களும் காயப்பட்டவை எண்டு. பேந்து சமரசமா முடிஞ்சது. நான் சொல்ல வந்தது, சில்லைக் கழட்டிப் பூட்டினால் தூக்கி ஆட்டிப் பார்க்காமல் பிள்ளையை வைக்காதேங்கோ.

இன்னொண்டு, பிளேன் விசயம். பிள்ளையோட வாற ஆக்களுக்குத்தான் ஸ்ரோலர் இலவசம். மச்சாள் தனிய வாறா எண்டால் அது அவாவின்ர லக்கேஜ் கணக்கில போகும். கன எயார்லைனுகளில நீளம், அகலம், உயரம் மூண்டையும் கூட்ட 158 சென்ரிமீற்றருக்கு மேல போனால் பெரிய சாமான் எண்டு தனிக்காசு. சில்லைக் கழட்டி வைச்சு அளந்து பார்க்கச் சொல்லுங்கோ.

நல்லூரடி

திருவிழாக் காலத்தில இங்க ஸ்ரோலரோட வாற வெளிநாட்டுச் சனத்தை நான் நெடுகப் பார்க்கிறன். அதால சொல்லுறன். 25 நாளும் கோயிலைச் சுத்தி வாகனம் விடமாட்டினம், வீதி முழுக்க மணல். எல்லாரும் வெறுங்காலோட நடக்கினம், விடியப்புறத்தில ஆக்கள் அங்கப்பிரதட்சணை செய்யினம். அதுக்குள்ள றோட்டுச் சாணியும் சேறும் ஒட்டின சில்லைக் கொண்டு வந்து உருட்டிறது சரியில்லை. கிட்ட உள்ள சொந்தக்கார வீடு ஒண்டில விட்டிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ.

தேர், தீர்த்தத்துக்கு ஸ்ரோலர் வேண்டவே வேண்டாம். வடம் இழுக்கிற சனத்துக்குள்ள இடுப்புயரத்துக்குக் கீழ என்ன நிக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பூங்காவனத் திருவிழா முடிஞ்சு அடுத்த கிழமை வாங்கோ, வீதி முழுக்க உங்களுக்குத்தான்.

கோண்டாவிலாள்

எல்லாருக்கும் நன்றி. எவ்வளவு கதைச்சிருக்கிறியள்!

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுக்கு வந்து நிக்கிற டென்மார்க் குடும்பத்தின்ர நாலு சில்லை வாங்கி, 10 கிலோ அரிசிப் பையை வாரால கட்டி, ஒழுங்கை முழுக்கத் தள்ளிப் பார்த்தனான். கொங்கிறீற்றில தண்ணியா ஓடிச்சுது. கிறவலில முன் ரெண்டு சில்லும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துது. கடவையில இவர் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டவர். மாமி படலையில நிண்டு "அரிசிக்கு வந்த வாழ்வைப் பார்" எண்டா.

அதால மூண்டு சில்லு எண்டது முடிவு. ஆனால் மணற்காட்டான் அண்ணை மன்னிக்கவேணும், ஃபோம் ரயர்தான். எங்களுக்கு மணல் இல்லை, நெருஞ்சி மட்டும் தாராளம். பாரம் பத்துக் கிலோவுக்குள்ள, ஒரு கையால மடியும், பின் சில்லு கழரும், சீற் முழுக்கச் சாயும். முன் சில்லுக்கும் கவைக்கும் இடையில மச்சாள் கடையில நிண்டு விரலை விட்டுப் படம் அனுப்பினவா, சில்லுக்கடை அண்ணை. விரல் போகுது. கடைக்காரன் பார்த்துக்கொண்டு நிண்டவனாம்.

மணற்காட்டான்

மன்னிச்சிட்டன். சோளகக் காத்து அடங்கினாப் பிறகு ஒரு நாள் இந்தப் பக்கம் கொண்டு வாங்கோ, மணலில இறக்கிப் பார்ப்பம். புதைஞ்சால் நான் தூக்கிவிடமாட்டன், மாமி ரொறன்ரோவில இருந்து வந்து தூக்கட்டும்.

சோளகம் எண்டவுடனைதான் ஞாபகம் வந்தது. காத்து நாளில கூடாரத்தை விரிச்சபடி பிறேக் போடாமல் ஒரு நிமிசமும் விடாதேங்கோ. பாய் விரிச்ச தோணி கணக்காப் போகும். எந்த ரயர் எண்டாலும்.

சில்லுக்கடை

ஃபோம் ரயருக்கும் ஒரு கவனிப்பு இருக்கு. பஞ்சராகாது, ஆனால் தேயும். தேஞ்சால் ஒட்டுப் போடேலாது, முழுச் சில்லாத்தான் மாத்தவேணும். ரெண்டு வருசத்துக்குப் பிறகு அந்தச் சில்லு இங்க கிடையாது. அதால கொங்கிறீற்றில பிறேக் போட்டபடி இழுக்காதேங்கோ.

கடற்கரைக்குக் கொண்டு போனால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில சில்லைக் கழுவித் துடைச்சு, அச்சில ரெண்டு துளி எண்ணெய் விடுங்கோ. உப்புப் பிடிச்ச பெயாறிங் கத்தத் துவங்கினால் பேந்து நிக்காது. மாரிக்குள்ள மடிச்சு மூலையில வைச்சால் துணி பூஞ்சணம் பிடிக்கும், விரிச்சே வையுங்கோ.

கோண்டாவிலாள்

சரி அண்ணை. கடைசியா ஒண்டு. மச்சாள் மழைக் கவர் எடுக்கட்டோ எண்டு கேக்கிறா, தனிக்காசாம். எடுக்கச் சொல்லட்டோ?

தாதியக்கா

பிளாஸ்ரிக் கவர் எங்கட வெக்கைக்கு உள்ள நீராவி பிடிக்கும். திடீரெண்டு பெய்தால் வீடு வந்து சேரும் மட்டும் போடலாம், மழை விட்ட உடனை கழட்டவேணும். அதுக்கு இங்க குடை காணும். அந்தக் காசுக்கு நுளம்பு வலை கேளுங்கோ, அதே மொடலுக்கு அளவா வாறது, இலாஸ்ரிக் வைச்சது. மாரி துவங்க டெங்கும் துவங்கும், அந்த நுளம்பு கடிக்கிறது பகலில.

கோண்டாவிலாள்

வலை சொல்லிட்டன். ரெண்டு எடுக்கிறாவாம், ஒண்டு கிழிஞ்சால் வைச்சுக்கொள்ள.